தாழ்ச்சி பொய் பேசுமா?

தோல்வி வந்தவுடன் நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் முதலில் வந்து நிற்கும் சொல் 'தாழ்ச்சி' என்பது. பரீட்சையில் மதிப்பெண் குறைந்ததா? தாழ்ச்சியோடு ஏற்றுக்கொள் என்கிறோம். பேச்சுப் போட்டியில் பரிசு கைநழுவியதா? தாழ்ச்சி கற்க ஆண்டவர் தந்த தருணம் என்கிறோம். தந்தையின் வியாபாரம் நொடித்ததா, வீட்டில் நோய் புகுந்ததா, செய்யாத குற்றம் ஒன்று தலைமேல் விழுந்ததா? அங்கும் அதே மருந்துதான். நல்ல மருந்துதான், அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பெயர் ஒட்டிய புட்டியில் சிலவேளை வேறு ஏதோ இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

ஒரு மாணவி கணக்கில் தவறிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். "நான் ஒன்றுக்கும் உதவாதவள், சிஸ்டர். எனக்கு எதுவுமே வராது" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறாள். கேட்பவருக்கு மனம் இளகும். என்ன பணிவு என்று தோன்றும். ஆனால் அவள் சொன்னது உண்மையா? அவளுக்கு இரண்டு பாடங்கள் விளங்கவில்லை, மற்றவை விளங்கின. கோயில் பாடற்குழுவில் அவள் குரல் இல்லாவிட்டால் பாட்டு எடுபடுவதில்லை. வேலைக்குப் போன தாய் திரும்பும்வரை தம்பி தங்கையருக்குச் சோறு போடுகிறவளும் அவளே. ஒன்றுக்கும் உதவாதவள் என்பது இறைவன் படைத்த ஓர் ஆத்துமத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய். சொன்னவள் அவளே என்பதனால் அது பொய்யில்லாமல் போய்விடுமா?

நாணலும் ஆலமரமும் கதையை எத்தனை ஆண்டு மலர்களில் எழுதியாயிற்று! புயலில் வளைந்தது பிழைத்தது, நிமிர்ந்து நின்றது வேரோடு சாய்ந்தது. கதை அழகானதே. ஆனால் நாணலுக்கு மனச்சாட்சி கிடையாது. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் அது வளையும். நமக்கு அப்படி முடியாது. வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். வாய்மைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை.

திருச்சபையின் பெரியோரும் அப்படிச் சொன்னதில்லை. 1970-ல் மறைவல்லுநர் பட்டம் பெற்ற அவிலா நகரத்துத் தெரேசம்மாள், ஆண்டவருக்குத் தாழ்ச்சியின்மேல் ஏன் இத்தனை பிரியம் என்று ஒருநாள் தமக்குள்ளே கேட்டுப் பார்த்தார். அவர் சத்தியமானவர், தாழ்ச்சியோ சத்தியத்தில் நடப்பது, அதனால்தான் என்று அவருக்கு விளங்கிற்று. தேவமாதா எலிசபெத்தம்மாளின் வீட்டில் பாடிய பாட்டை நினைத்துப் பாருங்கள். தாம் ஆண்டவரின் அடிமை என்கிறார்; அதே மூச்சில், எல்லாத் தலைமுறைகளும் தம்மைப் பேறுடையாள் என்று சொல்லும் என்கிறார். நம்மில் ஒருத்தி அப்படிச் சொன்னால் 'என்ன கர்வம்!' என்போம். மாதா சொன்னதில் கர்வம் இல்லை, ஏனெனில் அது உண்மை. பெருமையெல்லாம் தந்தவருடையது என்பதும் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. அதுபோல, ஆலயத்தின் பின்னே நின்று மார்பில் அறைந்துகொண்ட ஆயக்காரன் தன்னைப் பாவி என்றான். அவன் பாவிதான். செய்யாத பாவங்களைச் சேர்த்துச் சொல்லி அவன் தன் செபத்தை அழகுபடுத்தவில்லை.

இதையெல்லாம் வாயால் சொல்வது எளிது. அடி விழும்போது இப்படி நிற்பது எப்படி? அதற்கு ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பெயர் மேரி வார்டு. புனிதர் பட்டம் பெற்றவர் அல்லர். நம் செபப் புத்தகங்களில் அவர் பெயரைக் காண முடியாது. ஆனால் அடைபட்ட மடத்துக்கு வெளியே வந்து கன்னியர் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவது என்ற வழக்கத்துக்கு வழி திறந்தவர்களில் அவர் ஒருவர். அன்னை தெரேசா முதன்முதல் சேர்ந்து கல்கத்தாவுக்கு வந்த லொரேட்டோ கன்னியர் சபை, இந்த அம்மையார் நட்ட மரத்தின் ஒரு கிளை.

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயரில், 1585 ஜனவரி 23-ல் அவர் பிறந்தார். முதலாம் எலிசபெத் அரசியின் காலம். கத்தோலிக்கக் குரு ஒருவரைத் தம் வீட்டில் ஒளித்து வைத்தால் தூக்குமேடை வரைக்கும் போக வேண்டியிருக்கும். மேரியை ஐந்து வயது முதல் வளர்த்த பாட்டியே விசுவாசத்துக்காக நீண்டகாலம் சிறையிலிருந்தவர். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண் துறவறம் புக விரும்பினால் கடல் கடந்துதான் போக வேண்டும். 21 வயதில், 1606-ல், அவர் கடல் கடந்து செயின்ட் ஓமேர் என்ற ஊருக்குப் போனார். இன்று பிரான்சு நாட்டில் இருக்கும் அவ்வூர் அன்று ஸ்பானிய நெதர்லாந்தில் இருந்தது.

அவர் விரும்பியது மடத்துக்குள்ளே அமைதியான செப வாழ்வு. கிடைத்தது வேறு. ஏழை கிளாரா சபை மடத்தில் உள்ளிடத்துக்குச் சேர்க்காமல், வெளிவேலைச் சகோதரியாக, வீடு வீடாகப் போய் மடத்துக்குப் பிச்சை கேட்கும் பணியைத் தந்தார்கள். அதுவே தேவ சித்தம் என்று ஆன்ம குரு ஒருவரும் சொல்லிவிட்டார். நல்ல குடும்பத்தில் பிறந்த பெண் ஏறக்குறைய ஓராண்டு காலம் தெருத்தெருவாகப் போனார். பிறகு மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்து, இந்த வாழ்க்கை உனக்கு ஏற்றதன்று என்றார். சரியென்று வெளியே வந்து, தம் சொந்தப் பணத்தைப் போட்டு ஆங்கிலப் பெண்களுக்கென்று புதிதாக ஒரு கிளாரா மடத்தையே தோற்றுவித்தார். அங்கே தாமும் நவகன்னியாகச் சேர்ந்து மகிழ்ச்சியோடு இருந்தார். 1609-ல், இதுவும் தம் அழைப்பு அல்ல என்று செபத்தில் அவருக்குத் தெளிவாயிற்று. ஆக, ஒருமுறை பிறர் சொல்லி, ஒருமுறை தாமே உணர்ந்து, இரண்டு முறை மடத்தை விட்டு வெளியே வந்தாயிற்று. ஊர் சிரித்தது. நிலையில்லாதவள் என்றது.

அந்த ஆண்டே லண்டனில், ஒருநாள் காலை, கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டிருக்கையில், இறைவனுக்கு இன்னும் பெரிதான மகிமை தரும் வேறொரு பணி தமக்கு இருக்கிறது என்ற ஒளி அவருக்குக் கிடைத்தது. என்ன பணி என்பது மட்டும் தெரியவில்லை. (கோயிலில் முழந்தாளில் இருக்கும்போது கிடைத்திருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது. சடை பின்னும் வேளையையும் ஆண்டவர் விட்டுவைப்பதில்லை போலும்.) தோழியர் சிலரை அழைத்துக்கொண்டு மீண்டும் செயின்ட் ஓமேருக்குப் போய்ப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1611-ல் வழி இன்னும் தெளிவாயிற்று: சேசு சபையாரின் ஒழுங்குகளைப் பெண்களுக்கும் எடுத்துக்கொள்வது, உயர்ந்த மதிலுக்குள் அடைபடாமல், பெண் தலைவி ஒருவரின் கீழ், தேவைப்பட்ட இடமெல்லாம் போய்ப் பணி செய்வது.

இன்று நமக்கு இதில் என்ன பெரிய புதுமை என்று தோன்றும். நம் அருட்சகோதரியர் பேருந்தில் ஏறி வருகிறார்கள், கல்லூரியில் கற்பிக்கிறார்கள், மருத்துவமனையில் இரவுக் கண்விழிக்கிறார்கள். அன்றைய சட்டமோ வேறு. 1563-ல் முடிந்த திரெந்து பொதுச்சங்கம் துறவறப் பெண்களுக்கு அடைப்பு மடத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. ஆகவே இந்தப் பெண்களை 'பெண் யேசுயிட்டுகள்' என்றும் ஊர்சுற்றிகள் என்றும் ஏசினார்கள். 1617-ல் ஒரு குருவானவர், இவர்களுடைய ஆர்வமெல்லாம் தொடக்கச் சூடு, நாளடைவில் தணிந்துவிடும், என்னதான் இருந்தாலும் பெண்கள்தானே என்று சொன்னதாகச் செய்தி வந்தது. மேரி வார்டு தம் தோழியரைக் கூட்டிப் பேசினார். அக்குருவை இகழவில்லை. ஆர்வம் தணிவது பெண்ணாயிருப்பதால் அல்ல, குறையுள்ள மனிதராயிருப்பதால் என்றார். நம்மை நிலைநிறுத்துவது உணர்ச்சியன்று, ஆண்டவருடைய உண்மையே என்றார். வருங்காலத்தில் பெண்கள் பெரிய காரியங்களைச் செய்வார்கள் என்பதையும் நம்பிக்கையோடு சொன்னார். இதற்கு முன்பே, 1615-ல், தம் ஆன்ம குருவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், நாம் எப்படித் தோன்றுகிறோமோ அப்படியே இருக்க வேண்டும், எப்படி இருக்கிறோமோ அப்படியே தோன்ற வேண்டும் என்ற கருத்தை எழுதியிருந்தார். இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறையில் அவர் செய்தது இதிலிருந்துதான் விளங்கும்.

சபைக்கு அங்கீகாரம் கேட்டு, 1621 அக்டோபரில் புறப்பட்டு, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, பெரும்பாலும் கால்நடையாகவே, கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் ரோமாபுரி போய்ச் சேர்ந்தார். ஆண்டுகள் கடந்தன, அங்கீகாரம் வரவில்லை. ரோமையில் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் 1625-ல் மூடப்பட்டது. மியூனிக், வியன்னா முதலிய நகரங்களில் புதிய இல்லங்கள் எழுந்தன. மறுபுறம் இருந்த இல்லங்களை மூடும் ஆணைகள் வரத் தொடங்கின. அவை பாப்பரசரின் நேரான ஆணைகள் அல்ல என்று நம்பி, கீழ்ப்படிய வேண்டாம் என்று 1630-ல் அவர் தம் சகோதரிகளுக்கு எழுதிய கடிதம் அவருக்கு எதிரான சான்றாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் பாப்பரசருக்கே கடிதம் எழுதினார். தாங்கள் வேண்டாமென்று ஒரு சொல் சொன்னால் இருபது ஆண்டு உழைப்பையும் அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன் என்பதே அதன் சாரம்.

1631 ஜனவரி 13-ல் பாப்பரசர் எட்டாம் உர்பன் கையொப்பமிட்ட ஆணைமடல் சபையையே கலைத்தது. நயமான சொற்களில் அல்ல. களையை வேரோடு பிடுங்கி எறிவது போன்ற கடுஞ்சொற்களில். பிப்ரவரி 7-ல் மியூனிக் நகரில் மேரி வார்டைக் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு: பதிதை, பிரிவினைக்காரி, திருச்சபைக்கு எதிராகக் கலகம் செய்தவள். எந்த விசுவாசத்துக்காகப் பாட்டி சிறையிருந்தாரோ, அந்த விசுவாசத்தின் பகைவி என்று பேத்தியைச் சிறையிட்டார்கள். அதுவும் எங்கே? ஏழை கிளாரா கன்னியரின் மடத்தில். எந்தச் சபைக்காக இளமையில் வீடு வீடாகப் பிச்சை கேட்டாரோ, அந்தச் சபையின் இல்லம் ஒன்றிலேயே ஒரு சிற்றறை. சன்னலை அடைத்துவிட்டார்கள். கதவுக்குப் பூட்டு. உடனிருக்க ஒரே ஒரு தோழி.

வெளியே இருந்த சகோதரிகளுக்கு அவர் கடிதம் எழுதிய விதம் நம் அறிவியல் வகுப்புக்குப் பிடிக்கும். சாமான் சுற்றி வந்த காகிதத்தில், எலுமிச்சம் பழச் சாற்றால் எழுதினார். உலர்ந்தால் ஒன்றும் தெரியாது. அனலில் காட்டினால் எழுத்து பழுப்பாகத் தோன்றும். அப்படி எழுதிய கடிதங்களில் 23 இன்றும் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. வாய்மை பேசுகிறவர் இரகசியக் கடிதம் எழுதலாமா என்று நம்மில் ஒருத்தி கேட்கக்கூடும். மறைப்பது வேறு, திரிப்பது வேறு என்பதே நம் எண்ணம். அக்கடிதங்களில் காய்கறிச் செலவு முதல் ரோமைக்கு எழுத வேண்டிய விண்ணப்பம் வரை எல்லாம் உண்டு. ஆனால் பகைவரைச் சபிக்கும் வாசகம் கிடையாது. மன்னியுங்கள், அவர்களுக்காகச் செபியுங்கள், முகவாட்டமின்றி இருங்கள் என்பதே அவர் சொன்னது. ஆணைமடலுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதிலும் அவர் தயங்கவில்லை. சபை போயிற்று, அவர் தடுக்கவில்லை.

அந்த அறையில் அவர் சாகும் நிலைக்கு வந்துவிட்டார். நற்கருணையும் அவஸ்தைப்பூசுதலும் கேட்டார். கொடுக்கிறோம், முதலில் இதில் கையெழுத்திடு என்று ஒரு தாளை நீட்டினார்கள். அதில் என்ன இருந்தது? விசுவாசத்துக்கோ திருச்சபைக்கோ எதிராக ஏதாவது சொல்லியிருந்தால், செய்திருந்தால், அதற்காக மனம் வருந்துகிறேன் என்பதுபோல ஒரு வாசகம். அவ்வளவுதான். நாமாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்போம். 'இருந்தால்' என்றுதானே சொல்கிறார்கள், 'செய்தேன்' என்று சொல்லவில்லையே! அதைவிடத் தாழ்ச்சியான வாசகம் வேறு உண்டா? யார்தான் குற்றமே இல்லாதவர்? மரணப் படுக்கையில் ஒரு சொல்லுக்காகத் தேவதிரவிய அநுமானங்களை இழக்கலாமா?

மேரி வார்டு கையெழுத்திட மறுத்தார். தம் சிறு பாவங்கள் நீங்குவதற்காகப் பெரிய பாவம் ஒன்றைச் செய்வதா என்று கேட்டார். பகைவர் ஏற்கெனவே செய்துவிட்டவற்றோடு தமது 'இருந்தால்' என்ற சொல்லும் சேர்ந்தால், இவள் நியாயமாகத்தான் தண்டிக்கப்பட்டாள் என்று உலகம் நம்பும்; குற்றமற்ற எத்தனையோ பெண்கள்மேல் நீங்காத கறை படியும் என்றார். அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு, தம் வாழ்நாள் முழுவதும் பாப்பரசருக்கும் திருச்சபைக்கும் எதிராகத் தாம் எதையும் செய்ததில்லை, தம் உயிரும் உழைப்பும் அவர்களுக்கே உரியவை என்று தம் சொந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தார். அவஸ்தைப்பூசுதல் அவருக்குக் கிடைத்தது. பிழைத்தும் எழுந்தார். ஏப்ரல் மாதத்தில் விடுதலை வந்தது. பதிதை வருகிறாள் என்று அஞ்சியிருந்த கிளாரா கன்னியர், அதற்குள் அவர்மேல் மிகுந்த அன்பு கொண்டுவிட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். இருபது ஆண்டு உழைப்பைக் கேட்டார்கள், கொடுத்தார். பேரையும் புகழையும் கேட்டார்கள், கொடுத்தார். உடம்பைச் சிறையில் வைத்தார்கள், முறுமுறுக்கவில்லை. ஒரே ஒரு பொய்யைக் கேட்டார்கள், அதுவும் பாதிப் பொய்யை; அதை மட்டும் கொடுக்கவில்லை. தமக்குரியதையெல்லாம் விட்டுக்கொடுத்தவர், தமக்கு உரிமையில்லாத ஒன்றை, அதாவது உண்மையை, விட்டுக்கொடுக்க மறுத்தார். நம்முடைய கருத்தில் இவ்விரண்டும் ஒரே தாழ்ச்சிதான். முதற்பாதியை மட்டும் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டு நிறுத்திக்கொள்வது போதாது.

நம் ஆண்டவரே அப்படித்தான் நடந்தார். ஏரோதின் முன் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். மௌனத்துக்கு எடுத்துக்காட்டாக அதையே தியானங்களில் கேட்கிறோம். ஆனால் அன்னாவின் வீட்டில் ஒரு காவலன் அவரைக் கன்னத்தில் அறைந்தபோது, நான் தவறாகப் பேசியிருந்தால் எது தவறென்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். திருப்பி அடிக்கவில்லை. ஆனால் அடித்தது சரியென்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. பெரிய வெள்ளிக்கிழமைப் பாடுகளின் வாசகத்தில் ஆண்டுதோறும் இதைக் கேட்டும், ஏனோ இது நம் காதில் தங்குவதில்லை.

இங்கே ஒரு தடை எழும். குழந்தை இயேசுவின் தெரேசம்மாளின் சரிதையில் உடைந்த சாடிக் கதை ஒன்று இருக்கிறதே? சன்னலோரம் யாரோ வைத்துவிட்டுப் போன சிறு சாடி உடைந்தது. நவகன்னியரின் தலைவி தெரேசம்மாளைக் கடிந்துகொண்டார். அவர் தரையை முத்தமிட்டு, இனி இன்னும் கவனமாக இருக்கிறேன் என்றார். தாம் உடைக்கவில்லை என்று சொல்லவில்லை. இது அல்லவா தாழ்ச்சி? ஆம், இதுவும் தாழ்ச்சிதான், அழகான தாழ்ச்சி. ஆனால் நன்றாகக் கவனியுங்கள்: நான்தான் உடைத்தேன் என்றும் அவர் சொல்லவில்லை. கவனமாக இருப்பேன் என்றார், இருந்தார். பொய் அங்கேயும் இல்லை. மேலும், சாடி ஒரு சிறு பொருள். அதன் பழியைச் சுமந்ததில் வேறொருவர் தலையில் பாரம் ஏறவில்லை. தன்னை மட்டும் தொடும் சிறு பழியை வாய் திறவாமல் வாங்கிக்கொள்ளலாம். பிறரையும் இழுத்துப் போகும் பழியை அப்படி வாங்கிக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.

இனி நம் இடத்துக்கு வருவோம். பத்தாம் வகுப்பு முடிவு வந்த நாளில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிவதில்லை! குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளையிடம், எல்லாம் உன் கர்வத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லாதீர்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆண்டவர் உங்களிடம் சொன்னாரா? பிறவிக் குருடனைப் பார்த்து, பாவம் செய்தவன் இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது அவர் இருவரும் இல்லை என்றார். பிள்ளை படிக்காமல் விட்டிருந்தால், படிக்கவில்லை என்று அவள் சொல்லட்டும். அதுவே அவளுடைய தாழ்ச்சி. படித்தும் வராமற் போயிருந்தால், படித்தேன், வரவில்லை என்று சொல்லட்டும், அதுவும் தாழ்ச்சியே. இரண்டாவதைச் சொல்ல அதிகத் தைரியம் வேண்டும். "படித்தேன்" என்று சொல்லிவிட்டுத் தோற்றவளாக நிற்பதைவிட, "நான் சோம்பேறி" என்று சொல்லித் தப்பிப்பது மனத்துக்கு இலேசு. கர்வம் இப்படியும் வேடம் போடும்.

மாணவியரே, உங்களுக்கு ஒன்று. தோழி முதலிடம் வந்துவிட்டாள், நாம் வரவில்லை. "எனக்கெல்லாம் என்னடி தகுதி" என்று சொல்லிக்கொண்டு ஒதுங்கி நிற்பவள் தாழ்ச்சியுள்ளவளாகத் தெரிவாள். ஆனால் அவள் உள்ளத்தில் இருப்பது பெரும்பாலும் யாராவது வந்து "அப்படிச் சொல்லாதே" என்று தேற்ற வேண்டும் என்ற ஆசைதான். நேரே போய்த் தோழியின் கையைப் பிடித்து, எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீ நன்றாக எழுதினாய் என்று சொல்லிப் பாருங்கள். தொண்டையில் அடைக்கும். அடைக்கிற இடம்தான் தாழ்ச்சி பிறக்கிற இடம்.

இதைவிடப் பாரமான ஒன்றும் உண்டு. ஆண்டு மலரில் எழுதத் தயங்கும் விஷயமானாலும் எழுதத்தான் வேண்டும். விடுதிகளில், உறவினர் வீடுகளில், எங்கும், ஒரு பெண்பிள்ளைக்கு அநியாயம் நேர்கிறது. திருட்டுப் பழியாக இருக்கலாம். அதைவிடக் கொடியதாகவும் இருக்கலாம். அவள் துணிந்து வந்து ஒரு பெரியவரிடம் சொல்கிறாள். "பொறுத்துக்கொள் அம்மா, சிலுவையாக ஏற்றுக்கொள், தாழ்ச்சியாக இரு" என்ற பதில் வருகிறது. சொல்கிறவர் கெட்ட மனத்தோடு சொல்வதில்லை. தம் பாட்டி தமக்குச் சொன்னதைத்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் பதிலால் காப்பாற்றப்படுகிறவன் குற்றவாளி. அவன் நாளைக்கு இன்னொரு பிள்ளையிடம் போவான். மியூனிக் சிறையில் மேரி வார்டு அஞ்சியது இதுவேதான்: தம்முடைய ஒரு சொல் மற்றவர்கள்மேல் பாரமாக இறங்கும் என்று. சிலுவையை ஒருத்தி தானாக எடுத்துச் சுமக்கலாம். அடுத்தவள் தோளில் நாம் ஏற்றிவிட்டு அதற்குத் தாழ்ச்சி என்று பெயர் வைக்கலாகாது. உண்மை சொல்ல வந்த பிள்ளையை அடக்கமில்லாதவள் என்று எண்ணாமல், உட்காரவைத்துக் கேளுங்கள் என்று நம் அருட்சகோதரியரையும் பெற்றோரையும் மிகுந்த வணக்கத்தோடு வேண்டுகிறோம்.

மேரி வார்டின் கதையில் மீதியையும் சொல்லிவிடுவோம். விடுதலையானபின் அவர் ரோமைக்குப் போய், 1632-ல் பாப்பரசர் உர்பன் முன் முழந்தாளிட்டு, நான் பதிதையல்ல, ஒருநாளும் பதிதையாக இருந்ததில்லை என்றார். பாப்பரசரும் அதை நம்புவதாகச் சொன்னார். பழி நீங்கிற்று; சபை திரும்பவில்லை. முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த நாடுகளில் அவருடைய மகளிர் கையில் காசின்றிச் சிதறிப்போனார்கள். மியூனிக்கில் சிலர் மட்டும் பொதுநிலைப் பெண்களாகச் சேர்ந்து வாழ்ந்து பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றினார்கள். மேரி வார்டு 1639-ல் லண்டனுக்குத் திரும்பினார். அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கே போனார். யார்க் நகரத்துக்கு அருகே ஹீவொர்த் என்ற சிற்றூரில், தோழியர் சூழ, 1645 ஜனவரியில் இறந்தார். மகிழ்ச்சி கிருபைக்கு அடுத்தபடியானது என்று இறுதிவரை தோழியருக்குச் சொல்லிவந்தவர் அவர். பக்கத்தில் ஆஸ்பால்ட்விக் என்ற ஊரின் சீர்திருத்த சபைக் கோயில் முற்றத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில் சபை என்றோ பள்ளி என்றோ ஒரு சொல் இல்லை. ஏழைகளை நேசிப்பதும், அதில் நிலைத்திருப்பதும், அவர்களோடு வாழ்ந்து இறந்து உயிர்ப்பதுமே அவருடைய நோக்கம் என்று மட்டும் பொறித்தார்கள். அந்தக் கல் இப்போது அக்கோயிலுக்குள்ளே இருக்கிறது.

1686-ல் யார்க் நகரில் அவருடைய வழிவந்தவர்கள் ஒரு மடத்தை இரகசியமாகத் தொடங்கினார்கள். அது இன்றும் இருக்கிறது. 1703-ல் பாப்பரசர் பதினோராம் கிளமென்ட் அவர்களுடைய ஒழுங்குகளை அங்கீகரித்தார். ஆனால் 1749-ல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட், மேரி வார்டை நிறுவுநர் என்று கொண்டாடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். தாய் தொடங்கிய வேலையை மகள்கள் செய்யலாம். அவரைத் தாய் என்று சொல்லக் கூடாது. அவர்கள் அதற்கும் கீழ்ப்படிந்து வகுப்பு நடத்திக்கொண்டேயிருந்தார்கள்.

அந்த யார்க் மடத்தில் படித்துப் பயிற்சி பெற்றவர்தான் அயர்லாந்து தேசத்து அன்னை தெரேசா பால். அவர் 1821-ல் தம் நாடு திரும்பி, டப்ளினுக்கு அருகே ராத்ஃபார்னம் என்ற இடத்தில் முதல் லொரேட்டோ மடத்தை நிறுவினார். அங்கிருந்து கப்பலேறிய இளங்கன்னியர் சிலர் 1841-ன் கடைசி நாட்களில் கல்கத்தா வந்து இறங்கினார்கள். பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், மேரி வார்டை நிறுவுநர் என்று அழைக்க மீண்டும் அனுமதி தந்தது 1909-ல். ஆகவே, முதல் 68 ஆண்டுகள் அந்தக் கன்னியர் வங்காளத்துச் சிறுமியருக்கு எழுத்தும் செபமும் தையலும் கற்றுக்கொடுத்த காலமெல்லாம், தங்கள் சபையைத் தொடங்கியவர் யார் என்று முறைப்படி சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. 2009 டிசம்பரில் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் மேரி வார்டை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.